வாரேனுங்க

என் எதிர் நாற்காலி காலியாகத்தான் இருக்கும். கடையிலேயே ஈ, காக்கை இருக்காது. அப்போதும் அந்த அக்கா நாற்காலியைத் தொடாமல் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஏனுங்க, இங்க ஒக்காந்துக்கட்டுங்களா?" என்று கேட்பார். யாரைக் கேட்கிறார் என்று முதல் நாள் திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான். நான் என்ன கடை முதலாளியா? "உக்காருங்க, எனக்கென்ன" என்றேன். அவ்வளவுதான், அன்றிலிருந்து தினமும் என்னிடம் அனுமதி வாங்கித்தான் உட்கார்ந்தார். எனக்கு வந்த கடுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

சேலம் அஸ்தம்பட்டியில் ஏற்காடு ரோட்டின்மேல் இருக்கிற பேக்கரி அது. எங்கள் பக்கம் காபி ஷாப் என்று தனியாகத் தேடிப் போக வேண்டியதில்லை, பேக்கரிதான் எல்லாம். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், பள்ளிக்கூடம் விடும்வரை காத்திருக்கிறவர்கள், பெண் பார்த்துவிட்டுத் தனியாக ஒதுங்கிப் பேச வந்தவர்கள் என்று எல்லோருக்கும் அந்த மேசைகள்தான். கம்பெனிகள் ஆபீசை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு லேப்டாப் கூட்டமும் அதில் சேர்ந்துகொண்டது. வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் இடம் இருக்கிறதா என்று எந்தக் கம்பெனியும் இதுவரை கேட்டதில்லை.

என் வீட்டில் இல்லை. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட். பகலெல்லாம் தூங்குகிற மனிதர். என் கீபோர்டு சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் பேக்கரிக்கு வர ஆரம்பித்தேன். எனக்கு மெடிக்கல் கோடிங். எங்கேயோ அமெரிக்காவில் ஒருத்தருக்கு முட்டி வலித்தால் அந்த வலிக்கு இங்கே உட்கார்ந்து நம்பர் போடுகிற வேலை. பேச வேண்டியதில்லை. ஒரு டீ, ஒரு மூலை, ஒரு பிளக் இருந்தால் போதும். கூட்டம் ஏறினால் எதிர் நாற்காலியில் பையைத் தூக்கிப் போட்டுவிடுவேன். பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஊரில் பிறந்தவள் நான். இடம் பிடிக்காதவர்களுக்கு நாமக்கல் பஸ்ஸில் நிற்கக்கூட வழி கிடைக்காது. இதற்கெல்லாம் நான் வெட்கப்பட்டதில்லை.

அந்த அக்கா வேறு மாதிரி. நாற்பதைத் தாண்டிய வயது. காட்டன் சேலை, தோளில் கம்பெனி லேப்டாப் பை, கையில் ஒரு ஒயர் கூடை. கூடைக்குள் மேசை துடைக்க ஒரு துணி. கடைத் துணி இருக்கும்போது எதற்கு என்று கேட்டேன். "நாம ஒக்காந்த எடத்த நாமதான சாமி தொடைக்கணும்" என்றார். நான் வேண்டுமென்றே பேரை மறைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அவருக்குப் பேரே இரண்டு. ஒன்று வீட்டில் வைத்தது, இன்னொன்று ஃபோனில் சொல்வதற்குக் கம்பெனி வைத்தது. எதை எழுதினாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் எதையும் எடுப்பது அவருக்குப் பிடிக்காது.

பிளக்கைக்கூடக் கேட்டுத்தான் எடுப்பார். "செத்த நேரம் கரண்டு எடுத்துக்கட்டுங்களா?" அவருடைய லேப்டாப் பழசு. பேட்டரி செத்துப்போய் நாளாகிவிட்டது, பிளக்கைப் பிடுங்கினால் அடுத்த நிமிடம் திரை கறுத்துவிடும். ஆகையால் சுவர் ஓரமாக இருந்த அந்த ஒரு மேசையை விட்டால் அவருக்கு வேறு வழியில்லை. பிளக் இருந்தது நடைவழிக்கு அந்தப் பக்கம், ஒயர் எட்டுகிற மேசை அது ஒன்றுதான். ஒயர் நடக்கிற வழியில் குறுக்கே கிடக்கும். யாராவது அந்தப் பக்கம் வந்தால் பேசிக்கொண்டே எட்டி ஒயரைத் தூக்கிப் பிடிப்பார், கல்யாண வீட்டில் குனிந்து போகச் சொல்லித் தோரணத்தைத் தூக்குவார்களே, அப்படி. "பாத்துப் போங்க சாமி." போகிறவன் ஃபோனைப் பார்த்துக்கொண்டே போவான், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

அவருடைய வேலையே பேசுகிற வேலை. தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் விற்கிற ஒரு கம்பெனிக்கு, தமிழில் புகார் கேட்கிற வேலை. மெஷின் ஒழுகுகிறது, பில்டர் அடைத்துக்கொண்டது, மெக்கானிக் வரவில்லை என்று தமிழ்நாடு முழுக்க இருந்து ஆட்கள் அவரைத் திட்டுவார்கள். திட்டு வாங்குகிற வேலையை ஒரு மனுஷி இவ்வளவு ரகசியமாகச் செய்து நான் பார்த்ததில்லை. சேலைத் தலைப்பை வாய்க்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு, தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கிசுகிசுவென்று பேசுவார். பக்கத்து மேசைக்குக் கேட்கக்கூடாதாம். அந்த முனையில் இருப்பவர்களுக்கும் கேட்காது. "சத்தமா பேசும்மா, சாப்பிடலையா?" என்று அவர்கள் கத்துவது இயர்போனைத் தாண்டி எனக்கே கேட்கும். அக்கா இன்னும் கூச்சப்பட்டு இன்னும் மெதுவாகப் பேசுவார். ஒவ்வொரு ஃபோன் கால் முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "தொந்தரவுங்களா அம்மிணி?" என்பார். இந்தக் கேள்விதான் தொந்தரவு என்று சொல்ல வாய் வரைக்கும் வரும்.

ஒரு நாள் பக்கத்து மேசையில் ஒரு பையன். கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு பேக்கரியில் உட்கார்ந்திருந்தான், யாருக்குக் காட்டவோ. "ஆம் ஐ ஆடிபிள், ஆம் ஐ ஆடிபிள்" என்று அவன் போட்ட சத்தத்தில் டீ மாஸ்டர் பாலைப் பொங்க விட்டுவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏந்தம்பி, உங்க மேனேஜர் பெங்களூர்ல இருக்காரா, இல்ல ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறாரா? நேரா கூப்பிட்டாலே கேக்குமே" என்றேன். கடையே சிரித்தது. அக்கா மட்டும் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து அமுக்கினார்.

"உடு சாமி. பாவம், அவனுக்கும் ஊட்டுல எடமில்லாமத்தான வந்திருக்கறான்."

அந்தப் பையன் அன்றைக்கு எழுந்து போகும்போது அக்காவிடம் மட்டும் தலையசைத்துவிட்டுப் போனான். என்னைப் பார்க்கவில்லை. போகட்டும், நான் யாரிடமும் நல்ல பேர் வாங்க டீ குடிக்கவில்லை.

இந்த மென்மையெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவரிடம் எனக்குப் பயமாகவே இருந்த பழக்கம் ஒன்று உண்டு. யார் வந்தாலும் எழுந்துகொள்வார். கைக்குழந்தைக்காரி வந்தால் எழுந்துகொள்வார். கட்டுப் போட்ட காலோடு ஒருவர் வந்தால், கடையில் வேறு இரண்டு நாற்காலி இருந்தாலும் எழுந்துகொள்வார். "நா ஒண்ணும் இப்ப சாப்புடலீங்களே, நீங்க ஒக்காருங்க." கம்பெனிக்கு பிரேக் என்று போட்டு, லேப்டாப்பை மூடி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு வாசலில் போய் நிற்பார். வந்தவர்கள் பப்ஸைத் தின்று, டீயை ஆற்றிக் குடித்து, ஊர்க்கதை பேசி எழுந்திருக்கும்வரை வெயிலில் நிற்பார். அவருடைய சாப்பாட்டு பிரேக், டீ பிரேக் எல்லாம் இப்படியே போகும். பிரேக் தீர்ந்த பிறகு நின்றால் அங்கே டீம் லீடர் எழுதி வைத்துக்கொள்வார். சென்னையில் இருக்கிற ஒரு சின்ன வயசுக்காரர். அவரையும் இவர் "சாருங்க" என்றுதான் சொல்வார்.

"அக்கா, நீங்களும் இங்க காசு குடுத்துத்தான் ஒக்காந்திருக்கீங்க" என்று பலமுறை சொல்லிவிட்டேன்.

"அவிங்க பசிச்சு வந்திருக்கறாங்க அம்மிணி. நாம பொழைக்க வந்திருக்கறோம். கடைன்னா பசிச்சவங்களுக்குத்தான?"

நான் அமெரிக்காக்காரரின் இடுப்பு வலிக்குத் திரும்பிவிடுவேன்.

ராசிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவார். வீட்டில் தறி. பக்கத்து வீட்டிலும் தறி. ஃபோனில் பேசினால் வாடிக்கையாளர், "என்னம்மா, ரயில்ல போறியா?" என்று கேட்கிறாராம். சரி, ராசிபுரத்தில் பேக்கரியே இல்லையா? கேட்டேன். சிரித்தார். "அங்க எந்தக் கடையில ஒக்காந்தாலும் ஒரு மாமனோ மச்சானோ எதுக்க வந்து ஒக்காந்துக்குவாங்க சாமி. ஊட்டு நாயம் கேக்க ஆரம்பிச்சா நா எப்படி எந்திரிச்சுப் போறது? ஃபோனுல ஒருத்தர் திட்டீட்டு இருக்கறப்ப எதுத்தாப்புல ஒருத்தர் கல்யாணத்துக்குக் கூப்புடுவாரு." பக்கத்து ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் இந்தச் சங்கடம் புரியும். தெரியாத ஊரில்தான் நிம்மதியாக மரியாதையாக இருக்க முடியும் என்று சேலம் வந்தார்.

இந்த வேலை அவருக்கு லேசில் கிடைக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் வீட்டை விட்டு அவர் தனியாகப் போனது கோயில் நோம்பிக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான். மகள் காலேஜ் போன பிறகு, அவளே ஆன்லைனில் பார்த்து, அம்மாவைப் பேச வைத்து, தேர்வாக வைத்தாள். மாமனார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பேக்கரியில் போய் உட்கார்ந்துகொள்வது ஒரு உத்தியோகமா என்றார். கடைசியில், "போ, பாத்துட்டு வா. இது நிக்கலீன்னா மறுக்கா வேலை கீலைன்னு கேக்கப்படாது" என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். அக்கா இதைக் குறையாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார். ஆனால் காலையில் ராசிபுரம் ஸ்டாண்டில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடுமாம். என்ன சிரிப்பு என்று கேட்டேன். "சும்மாதான், ஆரும் என்னய இதக் கொண்டா, அதக் கொண்டான்னு சொல்ல மாட்டாங்கல்ல" என்றார். அன்றைக்கு அவர் பேரில் எனக்கு இருந்த கடுப்பெல்லாம் கொஞ்சம் இறங்கிவிட்டது.

வேலை போனது அந்த ஒரு வார்த்தையால்தான்.

கம்பெனியில் ஒவ்வொரு காலும் எப்படி ஆரம்பிக்க வேண்டும், எப்படி முடிய வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "தங்கள் அழைப்புக்கு நன்றி, இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். அக்கா அதை ஒரு எழுத்து விடாமல் சொல்வார். சொல்லிவிட்டு, ஒரு மூச்சு விட்டு, "வாரேனுங்க" என்பார். அப்புறம்தான் வைப்பார். சொல்லாமல் கொள்ளாமல் எப்படி வைப்பது? "வெச்சர்றேன்" என்று சொல்லலாமே என்றேன். அது முகத்தில் அடிக்கிற மாதிரி இருக்கிறதாம். "போறேன்" என்று சொல்லவே மாட்டார். எங்கள் பக்கம் யார் சொல்வார்கள்? எழவு வீட்டில்தான் ஒன்றும் சொல்லாமல் போவோம். மற்ற இடத்தில் வாரேன்தான்.

சென்னையில் ஒரு அம்மா. தனியாக இருக்கிறவர், வயதானவர். மெஷினில் தண்ணீர் வரவில்லை என்று கூப்பிட்டிருக்கிறார். அக்கா பொறுமையாகக் கேட்டு, புகாரைப் பதிவு செய்து, நன்றி சொல்லி, இனிய நாள் சொல்லி, கடைசியில் "வாரேனுங்க" என்று சொல்லி வைத்திருக்கிறார். அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? மறுநாள் முழுக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் வீட்டுக்குப் போக வேண்டியதைத் தள்ளி வைத்துவிட்டார். சாயங்காலம் கம்பெனிக்கு ஃபோன் போட்டு, "நேத்திக்கு வரேன்னு சொன்னாளே அந்தப் பொண்ணு, ஏன் இன்னும் வரலை?" என்று கேட்டிருக்கிறார்.

கம்பெனிக்காரர்கள் பதிவைப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். தெளிவாக இருக்கிறது, வாரேனுங்க. அக்கா வாழ்க்கையில் சத்தமாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். வாடிக்கையாளருக்குப் பொய் வாக்குறுதி கொடுத்தார் என்று எழுதிவிட்டார்கள்.

இதை என்னிடம் சொன்னபோது அக்காவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. எனக்குத்தான் சிரித்து மாளவில்லை. பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விசாரணை. வீடியோவில். டீம் லீடர் இருப்பார், அவருக்கு மேலே ஒரு மேடம் இருப்பார். பின்னால் சத்தம் இருக்கக்கூடாது, கேமராவை அணைக்கக்கூடாது, பாதியில் எழுந்து போகக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

"பொய் சொன்னேங்கறாங்க சாமி" என்றார். "அந்தம்மா நாள் பூரா கதவத் தொறந்து வெச்சிருந்தாங்களாம். எனக்கு அதுதான் கெடந்து உறுத்துது."

"அந்தம்மாவ விடுங்கக்கா. உங்க வேலையப் பாருங்க."

"அதுவுந்தான். இது போச்சுன்னா மறுக்கா வெளிய உட மாட்டாங்க."

வெள்ளிக்கிழமை மதியமே நான் போய்விட்டேன். சுவரோர மேசையில் என் பை ஒரு நாற்காலியில், குடை ஒரு நாற்காலியில், தண்ணீர் பாட்டில் மேசை நடுவில். ஊரே பார்க்கட்டும் என்று இடம் பிடித்தேன். பேக்கரிக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்கம்மிணி, பொண்ணு பாக்கறாங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் பாட்டுப் பெட்டியை நிறுத்திவிட்டார். பக்கத்து மேசையில் ஒரு ஆள் ஃபோனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார், பழனி படிக்கட்டு ஏறுகிறவர் மாதிரி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தார். அவரிடமும் சொன்னேன். முகத்தைச் சுளித்தார், ஆனால் சத்தத்தைக் குறைத்தார்.

அக்கா வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். வாயைத் திறந்தார்.

"கேக்காதீங்க" என்றேன். "இன்னிக்கு ஒரு நாள் ஆருகிட்டயும் எதையும் கேக்காதீங்க. ஒக்காருங்க. சத்தமா பேசுங்க. சேலையை வாயில இருந்து எடுங்க. எவன் வந்தாலும் எந்திரிக்கக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"சரி சாமி" என்று சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தார்.

திரையில் இரண்டு முகம் வந்தது. நான் எதிரே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். டீம் லீடர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். வருவதாக ஏன் சொன்னீர்கள்?

"நா வாரேன்னு சொன்னது போறேன்னுதானுங்க சார்."

"போறேன்னா போறேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

அக்கா திரையை நிமிர்ந்து பார்த்தார். "ஒருத்தருகிட்டப் போயி, போறேன்னு எப்படிங்க சார் சொல்றது?"

சத்தமாகவே சொன்னார். கடையில் எல்லோருக்கும் கேட்டது. அந்த மேடம் குனிந்து சிரித்த மாதிரி இருந்தது. எங்க அம்மாவும் அப்படித்தான் சொல்வாங்க என்று டீம் லீடரிடம் ஏதோ சொன்னார். ஒரு நிமிடம் அப்படியே இருங்கள், இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு பேசி முடித்துவிடலாம் என்றார். எனக்கு மூச்சு வந்தது. அப்போது பார்த்து வாசலில் இரண்டு பையன்கள் வண்டியை நிறுத்திவிட்டு ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு நின்றார்கள். அவர்களை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று நான் வெளியே போனேன்.

நான் கேட்டது போதும், அவர்கள் கிளம்பிவிட்டார்கள். திரும்பினால் ஒரு புருஷன் பெண்டாட்டி என்னைத் தாண்டி உள்ளே போகிறார்கள். அவர் கையில் ஸ்கேன் கவர். அந்தப் பெண்ணுக்கு முகத்தில் ரத்தமே இல்லை, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். கடை நிறைந்திருக்கிறது, நான் விட்டுவிட்டு வந்த நாற்காலியில்கூட யாரோ உட்கார்ந்தாயிற்று. அக்கா நிமிர்ந்து பார்க்கிறார். கண்ணாடிக்கு வெளியே நின்று நான் தலையை ஆட்டுகிறேன், வேண்டாம், வேண்டாம் என்று. அந்த ரீல்ஸ் ஆள்கூட ஃபோனை அணைத்துவிட்டுப் பாதி எழுந்துவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், இன்னும் ஒரு நொடி போயிருந்தால் முழுதாக எழுந்திருப்பார்.

ஆனால் அக்கா முந்திக்கொண்டார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது அவர் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "செத்த இருங்க சாருங்க, வாரேன்."

சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் காலில் ஒயர் தடுக்கிவிடக்கூடாதே என்று, குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

திரை கறுத்துப்போனது.

பிறகு நடந்ததைச் சொல்ல அலுப்பாக இருக்கிறது. அந்தப் பெண்ணை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பேக்கரிக்காரர் சர்க்கரையைக் கரைத்துக் கொண்டுவந்து, அவள் கண்ணைத் திறந்து, புருஷன்காரர் எல்லோருக்கும் கும்பிடு போட்டு. எல்லாம் நல்லபடியாக நடந்தது. நான் இன்னொரு பக்கம் லேப்டாப்பைச் செருகி உயிர் கொடுக்கப் பார்த்தேன். அப்டேட் ஆகிறது, அணைக்க வேண்டாம் என்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. திரை வந்தபோது அந்தப் பக்கம் யாரும் இல்லை. அக்கா ஃபோனில் கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை.

"உங்களுக்கு மண்டையில ஏதாச்சும் இருக்குதாக்கா?" என்று கத்தினேன். கடையில் எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும். "அந்தாளு எந்திரிச்சுட்டாரு. பாத்தீங்கல்ல? அவரே எந்திரிச்சுட்டாரு."

"அந்தப் புள்ளைக்குக் கண்ணு சொருகிருச்சு சாமி" என்றார். "நா பாத்துட்டேன். பாத்துட்டு எப்படி ஒக்காந்திருக்கறது?"

அந்த வாரம் முழுக்க அவர் வரவில்லை. அடுத்த வாரம் ஒரு நாள் வந்தார். தோளில் பை இல்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, "செத்த ஒக்காந்துக்கட்டுங்களா?" என்றார். நான் பையை எடுத்தேன். எனக்குக் கோபம். யார் மேல் என்று கேட்டால் தெரியாது. அந்த டீம் லீடர் மேலா, பிளக்கை அந்தப் பக்கம் வைத்த எலக்ட்ரீசியன் மேலா, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தச் சென்னை அம்மா மேலா. ஒரு வார்த்தையை அப்படியே நம்பிக்கொண்டு ஒரு நாளைக் கெடுத்துக்கொள்வார்களா ஒருத்தர்? எல்லாவற்றுக்கும் மேல் இந்த அக்கா மேல்தான் கோபம். ஒரு நாற்காலியைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாதவர் மேல்.

லேப்டாப்பைக் கொரியரில் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். துடைத்துத்தான் அனுப்பினாராம். வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. மாமனாரு சிரிச்சாரு."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார், ஏனென்றால் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவர் டீயைத் தொடவில்லை. ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற கம்பெனி பாக்கலாம்க்கா. நான் பாக்கறேன்."

"உட மாட்டாங்க சாமி. சொன்னதுதான் சொன்னது." பிறகு, "அந்தச் சென்னை அம்மாவுக்கு மெஷின் செரியாச்சான்னு மட்டும் தெரியல. கேக்கறதுக்கும் இப்ப வழியில்ல" என்றார்.

குடித்த டம்ளரைத் தானே கொண்டுபோய் வைத்தார். கூடையிலிருந்து துணியை எடுத்து மேசையைத் துடைத்தார், என் பக்கத்தையும் சேர்த்து. நான் லேப்டாப்பைத் தூக்கிக் கொடுத்தேன். பேக்கரிக்காரரிடம் போய் ஏதோ சொன்னார். அவர் கல்லாவை விட்டு எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்த மனிதர் யாருக்கும் எழுந்து நான் பார்த்ததில்லை. கடைசியாக என்னிடம் வந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

"இன்னிக்காவது போறேன்னு சொல்லிட்டுப் போங்கக்கா" என்றேன். "இனி நீங்க வரப்போறதில்லயே."

அவர் என் தலையில் கை வைத்தார். "அதெப்படி சாமி அப்படிச் சொல்றது? வாரேன்."

ரோட்டைக் கடந்து, ஒயர் கூடையோடு, ராசிபுரம் பஸ்ஸுக்குப் போனார். பஸ் ஸ்டாப்பில் ஒருவருக்கு வழி விட்டுக் கடைசியாக ஏறினார்.

இது நடந்து நாளாகிவிட்டது. நான் இன்னும் அதே பேக்கரிக்குத்தான் போகிறேன். வீட்டுக்காரர் இன்னும் பகலில் தூங்குகிறார். அமெரிக்காவில் இன்னும் யாருக்காவது முட்டி வலித்துக்கொண்டே இருக்கிறது. பேக்கரிக்காரர் பிளக்கை மேசைப் பக்கமே மாற்றிவிட்டார், இப்போது ஒயர் யார் காலிலும் தடுக்காது. என் பை எதிர் நாற்காலியில் இருக்கிறது.

நேற்று ஒரு பையன் லேப்டாப்போடு வந்து நின்றான். நல்ல பையன், கேட்டான்: "அக்கா, இங்க ஆள் வருதுங்களா?"

"ஆமா, ஆள் வருது" என்றேன்.

கடை நிறைந்திருந்தது. அவன் ரோட்டை எட்டிப் பார்த்தான். "எப்ப வருவாங்கக்கா?"

"தெரியல தம்பி. வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

அவன் வாசலில் போய் நின்றுகொண்டான்.